சவரிமுத்துவின் முன்பற்கள்

எங்கள் பங்குக் கோயில் அறிவித்தல் தாள், தவக்கால மூன்றாம் ஞாயிறு: "செபத்தில் நினைவுகூருவோம்: சவரிமுத்து, பற் சத்திரசிகிச்சை."

சவரிமுத்து ஒரு முயல். கனடாவின் மொன்றியல் நகரத் தமிழர் இத்தனை பேர் ஒரு முயலுக்காக முழங்காலில் நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அறிவித்தல் தாள்களைத் திகதிவாரியாகச் சேர்த்து வைப்பவன் சொல்கிறேன்.

செபத்துக்குப் பெயர் கொடுத்தவர், முயலை வளர்க்கும் பல்லண்ணை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். அவரைப் பணிய வைக்கும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. இப்போது நாங்கள் முயலுக்குக் கரட் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்.

"கரட் இனிப்பு! காய்ஞ்ச புல்லுக் கொண்டுவாங்கோ. முயலுக்குப் பல்லு சாகுமட்டும் வளரும். புல்லு அரைச்சால்தான் தேயும்."

ஆனால் அப்போது சவரிமுத்துவுக்குப் புல்லும் உதவவில்லை. முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளைந்து உதட்டைக் கிழித்தன. வெட்ட வெட்ட வளர்ந்தன. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். பிழைத்து வீடு வந்த முயல் எதையும் வாயில் வைக்கவில்லை. முயல் ஒருநாள் பட்டினி கிடந்தாலே குடல் நின்றுவிடும்; பிறகு உயிரும்.

அந்த நேரம் பார்த்து, நோயாளரைச் சந்திக்கும் பங்குக் குழு, ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சரின் தலைமையில், கார்ட்டியர்வில் பகுதியிலுள்ள பல்லண்ணை வீட்டுக்குப் போனது. கார் ஓட்டியவன் நான். சவரிமுத்து முயல் என்பது எனக்கும் அப்போது தெரியாது. பல்லில்லாதவருக்கென்று கஞ்சி, தூவப் பொடியாய் அரிந்த கொத்தமல்லி, எல்லாம் எங்கள் கையில் இருந்தன.

"நோயாளி எங்கை?"

"கட்டிலுக்குக் கீழை."

"ஐயோ, விழுந்திட்டாரோ?" ரீச்சர் குனிந்தார். இரண்டு காதுகள் தெரிந்தன. "அண்ணை! நாங்கள் செபிச்சது இதுக்கோ?"

"நோயாளியின்ரை பேர் கேட்டியள், தந்தன். எத்தினை கால் எண்டு ஆரும் கேக்கேல்லை."

"வேறை முயல் வாங்கலாம்தானே?"

"உங்கடை மனுசனுக்குப் பல்லுக் கொட்டேக்கை வேறை மனுசன் வாங்கினியளோ?"

"பங்குச் சுவாமியிட்டைச் சொல்லுவன்!"

"சொல்லுங்கோ. நானும் வாறன். மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டன்."

ரீச்சர் வாசல்வரை போய்விட்டார். பல்லண்ணை தரையில் படுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மசித்த தீனியை நீட்டினார். முயல் முகத்தைத் திருப்பியது.

"சாப்பிடு ராசா. ஒரு வாய்."

பல்லண்ணை அப்படிக் கெஞ்சி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரீச்சர் திரும்பி வந்து, குளிர்க்கோட்டோடு தரையில் குந்தி, கொத்தமல்லியை உள்ளங்கையில் நீட்டினார்.

"சவரிமுத்து, என்னட்டை அடம் பிடிக்கப்படாது."

உதடு அசைந்தது. ஒரு துணுக்கு இலை உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

பல்லண்ணை அழுதார் என்கிறார் ரீச்சர். ரீச்சர்தான் அழுதார் என்கிறார் பல்லண்ணை. யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. நான் அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.