பரிந்துரைக்கப்படாத நூஹு நானா

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரைப்பட விருதுகளுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியானபோது, நூஹுவை வாழ்த்தும் பதாகை ஆலங்குடாச் சந்தியில் முதல் நாள் மாலையிலிருந்தே காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

மகள் சப்னா கைபேசியில் பட்டியலை மூன்று தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவர்களுடைய கரையில் எடுத்த படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள். சிறந்த துணை நடிகருக்கு ஐந்து பெயர்கள். ஐந்திலும் நூஹு இல்லை.

"வாப்பா, உங்கட பேர் இல்ல."

"வடிவாப் பாரு. முஹம்மது நூஹு எண்டு முழுசாப் போட்டிருப்பாங்க."

முழுதாகவும் இல்லை, பாதியாகவும் இல்லை.

நூஹு கடற்தொழிலாளி. வயது ஐம்பத்தெட்டு. படத்தில், கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பனாக இரண்டு நிமிடம் கரையில் நிற்பார். வசனம் கிடையாது. கடலைப் பார்த்தால் போதும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். நூஹு வடக்கே பார்த்தார். தொண்ணூறாம் ஆண்டு ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது உம்மாவையும் சுருட்டிய இரண்டு பாய்களையும் ஏற்றிக்கொண்டு மன்னாரிலிருந்து வந்த தோணி ஞாபகத்துக்கு வந்தது. கண்ணீர் கேட்காமலே இறங்கியது. டைரக்டர் ஓடிவந்து கையைப் பிடித்து அழுதபடி, இது கட்டாயம் விருதுக்குப் போகும் என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் கூட்டாளி முத்தலிபு, பட்டியல் வரும்வரை பொறுக்காமல் பதாகையை அடித்துக் கட்டியிருந்தார்.

"ஜும்ஆவுக்கு முன்னுக்கு அதக் கழட்டிருங்க," என்றாள் மனைவி பளீலா. "ஊரே அந்தச் சந்தியாலதான் பள்ளிக்குப் போகும்."

"கழட்ட மாட்டன். பிழை செஞ்சது அவங்க. நான் ஏன் ஒளிக்கோணும்?"

ஆனாலும் ஒரு பொய்யை நடுச்சந்தியில் தொங்கவிட்டுத் தொழப் போவதற்கு அவருக்கு மனம் ஒப்பவில்லை. யோசித்துப் பார்த்தார். ஓரிரண்டு எழுத்தை மாற்றினால் பொய் உண்மையாகிவிடும். முத்தலிபுவைக் கூட்டிக்கொண்டு, தோணிக்குப் பூசும் சிவப்புப் பெயின்ற்றோடு ஏணியில் ஏறினார்.

ஜும்ஆ முடிந்து வந்த சனம் நின்று வாசித்தது: "சிறந்த துணை நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்படாத எங்கள் நூஹு நானாவுக்கு வாழ்த்துக்கள்."

சிலர் கைகொடுத்தார்கள். சிலர் மையித்து வீட்டுக்கு வந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார்கள். யாரோ படம்பிடித்துப் போட, மாலை அஸர் தொழுகைக்குள் அந்தப் பதாகை புத்தளம் தாண்டிச் சிலாபம்வரை கைபேசிகளில் ஓடிவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைரக்டர் கொழும்பிலிருந்து அழைத்தார். நடுவர்களை ஊரே கேலிசெய்கிறது, கிடைத்த எட்டும் கெட்டுப்போகும், தயவுசெய்து கழற்றுங்கள் என்று கெஞ்சினார். நூஹு முடியாது என்றார். இரண்டு நிமிடம், அதுவும் வாய் திறக்காத வேடம், அதற்கெல்லாம் யாரும் விருது கேட்பதில்லை என்று டைரக்டர் சொன்னதுதான் பிழையாய்ப்போயிற்று.

"வாய் துறந்தாத்தான் நடிப்பா, தம்பி? அப்ப ஏன் அண்டைக்கு என்ட கையப் புடிச்சிக்கிட்டு நீங்க அழுதீங்க?"

டைரக்டர் அழைப்பைத் துண்டித்தார். நூஹுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சப்னாவை உட்காரவைத்து விருதுக் குழுவுக்கு நேரடியாகவே கடிதம் எழுதச் சொன்னார். கரையில் நிற்கும் அந்தக் கிழவன் நான்தான். எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. கடலிலிருந்து வந்த கோலத்திலேயே போய் நின்றேன். என்ன குறை கண்டீர்கள் என்று எனக்கு முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து அனுப்பினார்கள்.

வழக்குப் போடப்போகிறார்கள் என்று பளீலா பயந்தாள். முத்தலிபுவுக்குத் திடீரென்று எலுவன்குளத்தில் வயல் வேலை வந்துவிட்டது. நூஹு மட்டும் அசையவில்லை.

திங்கட்கிழமையே குழுவிலிருந்து பதில் வந்தது. புதன்கிழமை ஆள் வரும், நேரில் பார்க்கவேண்டும்.

"மன்னிப்புக் கேக்க வாறாங்க," என்றார் நூஹு.

புதன்கிழமை அவர் வெள்ளைச் சாரமும் பெருநாளுக்குத் தைத்த சேர்ட்டும் உடுத்து, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் தினுஷன், குழுவின் உதவிச் செயலாளர், முப்பது வயதுகூட இராது. நூஹுவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, கொடுத்த தேநீரைத் தொடாமல், கதிரையை வெயில் பக்கம் திருப்பிப் போட்டு நூஹுவை உட்காரச் சொன்னார். வயதைக் கேட்டார். அடையாள அட்டையை வாங்கி, அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நான்தானே?"

தினுஷன் பையிலிருந்து ஒரு ஈரக் கடதாசியை எடுத்து, குறை நினைக்கவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நூஹுவின் கன்னத்தை மெதுவாகத் துடைத்தார். பிறகு நெற்றியை. பிறகு கொஞ்சம் அழுத்தி, கண்ணோரத்தை. கடதாசியை விரித்துப் பார்த்தார். உப்பும் வியர்வையும் தவிர அதில் ஒன்றுமில்லை.

"தம்பி, நான் கேட்டது நியாயம். அதுக்குப் பதில் சொல்லுங்க," என்றார் நூஹு, நெஞ்சை நிமிர்த்தி.

தினுஷன் கடதாசியை மடித்தார்.

"ஐயா, எண்பது வயசுக் கிழவனா வேஷம் போட்ட ஒரு இளந்தாரி எண்டுதான் நடுவர்மார் நினைச்சாங்க, அந்த எட்டில ஒண்டு உங்கட இந்தச் சுருக்கங்களுக்குத்தான் குடுத்திருக்கு, சிறந்த ஒப்பனைக்கு."