தலைவரின் இரத்தத்தில் விழுந்த கோடு

சிபிலிஸ் என்னும் பாலியல் தொற்றைக் கண்டறிய டொக்டர் தாட்சாயினி ஓர் இரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். விரல் நுனியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதனைப் பட்டியில் விட்டால், தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிவு தெரியும். நோய் இருந்தால் சிவப்புக் கோடு விழும்; ஊசி போட்டு நோய் மாறினால் கோடும் விழாது. கர்ப்பிணிகளுக்கு இது கிடைத்தால் வயிற்றுப் பிள்ளைகள் தப்பிவிடும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆனால் கிளிநொச்சியில் ஆசைப்படுவதற்கும் ஒரு குழுவின் அங்கீகாரம் வேண்டும்.

அது ‘ஒழுக்க சுகாதார மேம்பாட்டுக் குழு’. தலைவர் மயில்வாகனம் நோயின் பெயரை ஒருதரமும் உச்சரிக்காமலே கூட்டத்தை நடத்தினார்.

“முதலில நோயில்லாத ஆக்களின்ர இரத்தத்தில சரிபாக்கவேணும் ஐயா,” என்றார் தாட்சாயினி.

“ஒழுக்கமான ஆக்கள் எண்டு சொல்லுங்கோ. அதுக்கேன் ஊரெல்லாம் அலையிறியள்? நாங்கள் இருக்கிறமெல்லோ!”

குழு பெருமையோடு விரல் நீட்டியது. தலைவருக்குக் கோடு விழுந்தது. செயலாளருக்கும் விழுந்தது. பொருளாளருக்கு விழுந்ததைக் கோடு என்பதா வேலி என்பதா என்று தெரியவில்லை.

“ஐயா, உங்களுக்கு வைத்தியம் செய்யவேணும்.”

“எனக்கோ? உங்கட பரிசோதனைக்கெல்லோ செய்யவேணும்!”

“பழைய முறையிலயும் பாத்தனான். அதிலயும் இருக்கு.”

“அப்ப பழைய முறையும் பிழை. இவ்வளவு காலமும் சனத்தை ஏமாத்தியிருக்கினம், பாருங்கோ!”

‘ஒழுக்கக் குறைபாடு காரணமாக’ப் பரிசோதனை திருப்பி அனுப்பப்பட்டது.

அன்று பின்னேரம் மயில்வாகனம் வைத்தியசாலையின் பின்வாசலால் வந்தார்.

“ஒரு சினேகிதனுக்கு அந்த ஊசி வேணும். அவருக்கு வர ஏலாது. என்னிலயே போட்டுவிடுங்கோ.”

தாட்சாயினி போட்டுவிட்டார். “மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“அவாவுக்கேன்? அவாவுக்குச் சினேகிதர் இல்லை.”

செயலாளரும் பொருளாளரும் தத்தம் சினேகிதர்களுக்காக அதே வாசலால் வந்து போனார்கள்.

சில மாதங்களின் பின் குழு மறுபடியும் விரல் நீட்டியது. ஒருவருக்கும் கோடு விழவில்லை.

“பாத்தியளோ! நாங்கள் சொன்னபடி திருத்தினவுடன சரிவந்திட்டுது,” என்றார் தலைவர்.

தாட்சாயினி எதையும் திருத்தவில்லை. கர்ப்பிணிகளை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

அங்கீகாரம் கிடைத்த பரிசோதனையின் தொடக்க விழா மேடையில் முதல் விரலை நீட்டியவள் தர்மபுரத்திலிருந்து வந்த ராஜினி, நிறைமாதக்காரி. எல்லோரும் பார்த்திருக்கக் கோடு விழுந்தது.

“டொக்டர், இது பிழைக்குமோ?” என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டாள்.

தாட்சாயினி வாய் திறக்குமுன் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “பிழைக்கவே பிழைக்காது! எங்கட இரத்தத்தில சரிபாத்தது. இந்தப் பிள்ளையின்ர ஒழுக்கத்தைத்தான் விசாரிக்கவேணும்.”

பந்தல் கைதட்டியது. அங்கீகாரம் போய்விடுமே என்ற பயத்தில் தாட்சாயினியும் தட்டினார். தட்டாமல் இருந்தவள் ராஜினி மட்டும்தான். அவள் குத்திய விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.