பொன்னாயிக்குக் கல்நெஞ்சு என்று எழுதினேன்

புதிதாக பி.ஏ. பாஸ் செய்தவர்களை ஒரு வருஷத்துக்கு எதிலும் தீர்ப்புச் சொல்ல விடக்கூடாது என்பது என் கட்சி. (பொறாமை இல்லை. நானும் பாஸ் செய்தவள்தான்.)

யுத்த காலம். திருச்சி ஜெயிலில், பெண் கைதிகளில் யாருக்கு மனசாட்சியே கிடையாது என்று அளந்து பார்க்க ஒரு லேடி டாக்டர் வந்தார். உதவிக்குப் படித்த பெண் வேண்டுமாம். ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் போய் இறங்கினேன். வேலை சுலபம்: காவிரியில் குழந்தை முழுகிப்போன கதையைக் கைதிக்குப் படித்துக் காட்டி, உடனே மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்து நாடியை எண்ண வேண்டும். படபடத்தால் இளகிய மனசு, இல்லாவிட்டால் கல்நெஞ்சு.

முதல் கைதி கொலைக் கேஸ். நாடி குதியோ குதி என்று குதித்தது. ஆகா, என்ன இளகிய மனசு என்று எழுதிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் இருபது பேர். கதை எனக்கே புளித்துப் போயிற்று. குழந்தை முழுகும் இடத்தில், வீட்டில் வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கைதிகளும் வரவரக் கல்லாகிக்கொண்டே வந்தார்கள்.

கடைசியில் பொன்னாயி. மருங்காபுரிப் பக்கத்துக்காரி. குடித்துவிட்டு அடித்த புருஷனை உலக்கையால் திருப்பி அடித்தவள். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அந்த மாதமே விடுதலை. வீட்டில் மூன்று வயசுப் பெண் காத்திருந்தது.

"ஐயோ, பெத்தவ எப்படிம்மா தாங்குவா?" என்று விம்மினாள். நாடியோ அசையவில்லை. கண்ணீர் பொய் சொல்லும், கடிகாரம் சொல்லுமா? 'கல்நெஞ்சு. அழுகை நடிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

டாக்டர் என் தாளை வாங்கி, "கல்நெஞ்சா?" என்று வாய்விட்டுப் படித்தார். பொன்னாயியின் சிவந்த கண்ணைப் பார்த்தார்.

"எந்த விரலால நாடி பார்த்தே?"

பெருமையாகக் கட்டைவிரலைக் காட்டினேன்.

"அசடே! கட்டைவிரல்லயே நாடி துடிக்கும். காலையிலேருந்து நீ எண்ணினது உன்னோடதை!"

கட்டைவிரலை மடக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். டாக்டர் தாமே பொன்னாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மறுபடி படிக்கச் சொன்னார். பாதிக் கதையிலேயே, "நிறுத்து, இவ நாடி ஓடற ஓட்டத்துக்கு என்னால எண்ண முடியலை" என்று அன்றைய என் தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டார். அம்மாடி! போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப அந்தக் கல்நெஞ்சு யாருதுங்கம்மா?" என்றாள் பொன்னாயி.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

சொன்னபடி அந்த மாதமே பொன்னாயி தன் குழந்தையிடம் போய்ச் சேர்ந்தாள். நான் ரங்கநாதருக்கு நெய்விளக்கு ஏற்றினேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அண்ணாவிடம் சொல்லித் தொலைத்தேன். கல்யாணமாகிப் புக்ககம் கிளம்பும்போது அம்மா அழுகிறாள், அத்தை அழுகிறாள், எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அண்ணா அப்படியே முழுக் கதையையும் மாப்பிள்ளையிடம் ஒப்பித்துவிட்டான்.

நாற்பது வருஷம் ஆகிறது. இன்றும் வீட்டில் சண்டை வந்தால் என் கணவர் பெருமூச்சு விட்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்:

"அந்த டாக்டர் ரிப்போர்ட்டைக் கிழிச்சிருக்கப்படாது."