தோற்ற ஆட்டத்துக்கு ஒரு கலியாண வீடியோ

கலியாண வீடியோவில் தாலி கட்டியது தெரியாமல் போனால்கூட எங்கள் சனம் மன்னித்துவிடும். பெரியம்மா சாப்பிட்டது தெரியாமல் போனால் மன்னிக்காது. கசெட்டைப் போட்டு, வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்து பார்ப்பார்கள். "எங்கட பக்கத்தில ஒருத்தரையும் காட்டேல்லை, மாப்பிளை வீட்டாரையே சுத்திச் சுத்தி எடுத்திருக்கிறாங்கள்" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மொன்றியலில் அப்படி முறிந்துபோன சில உறவுகளுக்கு என் அத்தானின் கமெராதான் காரணம் என்பதை இங்கே பணிவோடு ஒப்புக்கொள்கிறேன்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். சனி, ஞாயிறு வந்தால் கலியாணம், பெரியபிள்ளையானதுக்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடுப்பார். நான் முதலில் அவருக்கு லைட் பிடித்தேன். பிறகு கமெராவே என் தோளுக்கு வந்துவிட்டது. "ஐயர் செய்யிறது எல்லாக் கலியாணத்திலயும் ஒண்டுதான். வந்த சனம்தான் வேற. சனத்தைப் பிடி" என்பார் அத்தான். நானும் பிடித்தேன். மொன்றியல் தமிழர்களில் யார் எந்தக் கையால் வடையை எடுப்பார்கள் என்பதுவரை எனக்கு அத்துப்படி. (இதை ஒரு தகுதியாக நினைத்திருந்தேன் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நாங்கள் இருந்த வில்லரே பகுதியில் இருந்து, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருந்த ஒரு கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மெட்ரோ, பிறகு ஒரு நீண்ட பஸ். அந்தப் பஸ்ஸில்தான் வில்னர் பழக்கமானான். எங்கள் தெருவிலேயே இருந்த ஹெயிட்டிக்காரப் பெடியன். ஒரு ஆளுக்குரிய சீட்டில் அவனுடைய பாதிதான் இருக்கும். மீதி என்மேல் இருக்கும். கல்லூரியின் ஃபுட்பால் அணியில் அவன் முன்வரிசை ஆட்டக்காரன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஓடுகிற இந்த ஊர் ஃபுட்பால். முன்வரிசைக்காரனுக்கு அதில் பந்தே கிடைக்காது. பந்து வைத்திருப்பவனை யாரும் நெருங்காமல் மோதித் தடுத்துக்கொண்டே இருப்பதுதான் அவன் வேலை.

அந்த வருடத்து ஆட்டப் பருவம் தோல்வியோடு தொடங்கியது. பிறகு என்ன நடந்ததோ, ஒக்டோபரில் எங்கள் ஆட்கள் வெல்லத் தொடங்கினார்கள். கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே கல்லூரியோடு, அடுத்தடுத்த சனிக்கிழமைகளில். இரண்டில் ஒன்றை வென்றாலே அடுத்த சுற்றுக்குப் போகலாம். வில்னருக்கு அது கடைசி வருடம். கல்லூரி முடிந்ததும் மாமாவோடு கூரை போடுகிற வேலைக்குப் போக வேண்டும். அணி வென்றால் இன்னும் ஆடலாம், தோற்றால் இவ்வளவுதான். பஸ்ஸில் அவன் வேறு கதையே கதைக்கமாட்டான்.

அந்த நேரம் பார்த்து, ஆட்டங்களை வீடியோ எடுக்கும் பெடியன் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். வில்னர் என்னைக் கோச்சிடம் கூட்டிக்கொண்டு போனான். ரெஜான் என்று பெயர். நெட்டையான, தொண்டை கட்டிய மனிதர். (அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன். ஏச்சு என்றால் அது எங்கள் தமிழில்தான் எடுபடும்.)

"தம்பி, வீடியோ எடுத்துப் பழக்கமோ?"

"நிறைய எடுத்திருக்கிறன். பெரிய பெரிய நிகழ்ச்சியெல்லாம்."

"சரி. மேல ஏறி நிண்டு..."

"நீங்கள் கவலைப்படாதேங்கோ," என்று அவரைப் பேசவே விடவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வதுபோலக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், எனக்கென்று ஒரு உயர்ந்த மேடை வைத்திருந்தார்கள். ஏறிப் பார்த்தேன். ஆட்டக்காரர் எல்லோரும் சிந்திய கடலைபோலத் தெரிந்தார்கள். ஒருவருடைய மூக்குக்கூடத் தெரியவில்லை. இது என்ன கூத்து, இப்படி எடுத்தால் அத்தான் என்னை வீட்டுக்குள் விடுவாரா? வீடியோத் தொழில் தெரியாத ஒருவர் போட்ட ஏற்பாடு என்று கோச்சுக்காக மனம் இரங்கி, இறங்கிக் கோட்டோரமாக வந்துவிட்டேன்.

அன்று கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றோம். "பரவாயில்லை, வீடியோ இருக்குத்தானே," என்று கோச் என் முதுகில் தட்டினார். "எங்க பிழைச்சது எண்டு அதில பாத்துத் திருத்துவம்." என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கசெட்டை அப்படியே கொடுத்திருக்கலாம். அத்தான் விடவில்லை. "எடிட் பண்ணாமல் குடுக்கிறதோ? நாளைக்கு எங்களைப் பற்றி என்ன கதைப்பினம்?" என்று சொல்லி, தொழிற்சாலையால் வந்து பேஸ்மென்டில் நாலு இரவாக வேலை செய்தார்.

வகுப்பறை யன்னல்களை மறைத்துவிட்டு அணி முழுவதும் உட்கார்ந்தது. கோச் கையில் ரிமோட், பக்கத்தில் படம் வரைய ஒரு பலகை. நான் முதல் வரிசையில், புதுச் சட்டையோடு.

ஒரு தாமரை மொட்டு வந்து மெல்ல விரிந்தது. அதற்குள் இருந்து அணியின் பெயர் பொன் எழுத்தில் சுழன்றுகொண்டு வந்தது. நாதஸ்வரம். பிறகு கல்லூரி வாசல், வாசலில் நின்ற மேப்பிள் மரம் உச்சியில் இருந்து அடிவரை. பிறகு பார்வையாளர்கள், வரிசை வரிசையாக, ஒருவர் மிச்சம் இல்லாமல். ஒரு கிழவர் கமெராவுக்குக் கை காட்டினார். ஒரு அம்மா பிள்ளைக்கு மூக்குத் துடைத்தார்.

"ஆட்டம் எப்ப தொடங்கும்?" என்று கோச் மரியாதையாகத்தான் கேட்டார்.

தொடங்கியது. எங்கள் முன்வரிசை குனிந்து நின்றது. கமெரா ஒவ்வொரு முகமாகப் போய் வில்னரிடம் நின்றது. விசில் கேட்டது. சனம் கத்தியது. கமெரா வில்னரை விட்டு அசையவில்லை. ஹெல்மெட் கம்பிக்குள்ளே வியர்வை ஓடுகிறது, வாயிலிருந்து ஆவி போகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ தள்ளுகிறான். எதை என்று தெரியாது.

"பந்து எங்க?" என்றார் கோச்.

அடுத்த காட்சியில் மூன்று பேர் ஹொட்டோக் சாப்பிட்டார்கள்.

"பந்து எங்க?"

எதிரணி முதல் புள்ளி எடுத்த இடம் வந்தது. தாலி கட்டும்போது கமெரா பெண்ணின் தாயைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஆகவே நான் கமெராவை எங்கள் கோச் பக்கம் திருப்பியிருந்தேன். திரையில் அவருடைய வாய் மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தது. மேலிருந்து ரோசாப்பூ கொட்டியது. அத்தான் அதே இடத்தில் கெட்டிமேளமும் சேர்த்திருந்தார். விசேஷமான கட்டம் என்று மூன்று தரம் திருப்பியும் போட்டிருந்தார்.

கோச் ரிமோட்டை மேசையில் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்பேன்.

"அவங்கள் எந்தப் பக்கத்தால ஓடினவங்கள் எண்டு ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்டார். அவரவர் ஒவ்வொரு பக்கம் சொன்னார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பலகையில் ஒரு கோடுகூட விழாமல் கூட்டம் கலைந்தது.

அடுத்த சனிக்கிழமை என்னை மேடைமேல் ஏற்றி, இறங்கினால் காலை முறிப்பேன் என்று கோச் சொல்லிவிட்டார். மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். எதிரணியில் ஒருவன் இடது பக்கத்தால் ஓடினான். திரும்பவும் இடது பக்கத்தால் ஓடினான். முதல் ஆட்டத்திலும் அப்படித்தான் ஓடியிருப்பான். ஒரு தரம் வீடியோவில் பார்த்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். தோற்றோம். வில்னர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு புல்லிலேயே நெடுநேரம் இருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காரவே பயம். வேறு சீட் இல்லை.

"வில்னர், என்னாலதான்," என்றேன்.

அவன் யன்னலைப் பார்த்தபடியே, "உன்ர அத்தான் அந்தக் கசெட்டில ஒரு கொப்பி தருவாரோ?" என்று கேட்டான். "அம்மாவுக்கு. கோட்-டெ-நெய்ஜ் ஆசுபத்திரியில அவவுக்குச் சனிக்கிழமையெல்லாம் வேலை. நான் ஆடி ஒரு நாளும் பாக்கேல்லை."

"தோத்ததைப் பாத்து என்ன செய்யப்போறா?"

"தோத்தது அதில எங்க தெரியுது? பந்தே இல்லையே. நான் மட்டும்தான் இருக்கிறன்."

கொப்பி போனது. அடுத்த கிழமை அந்த அம்மா ஒரு பெரிய தட்டில் பொரித்த வாழைக்காய் கொண்டுவந்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கல்லூரியில் என் பெயர் 'பந்து எங்க' என்றே நிலைத்துவிட்டது. கோச்கூட ஒரு மாதத்துக்குப் பிறகு அப்படித்தான் கூப்பிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டு. அடுத்த பருவம் முழுவதும் மேடைமேல் நின்று ஒழுங்காக, ஒருவருடைய மூக்கும் தெரியாமல் எடுத்தேன். அந்த வீடியோக்களை யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

சில வருடம் கழிந்து, வில்னர் கூரைக்காரனாகி, பிள்ளையும் பெற்றபிறகு, அவனுடைய அம்மா அக்கா வீட்டு மணியை மறுபடியும் அடித்தார். கையில் அந்தக் கசெட். போட்டுப் போட்டு நாடா தேய்ந்து மகனின் முகத்தில் கோடு விழுகிறதாம், பேரனுக்குக் காட்ட வேண்டுமாம், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். அத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டிவிடியில் ஏற்றிக் கொடுத்தார், ரோசாப்பூ ஒன்றும் குறையாமல்.

அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் அத்தான் என்னைச் சுட்டிக் காட்டுவார். "இவ்வளவு காலமாக வீடியோ எடுக்கிறன். எத்தினையோ பேர் முதல் கொப்பியே எடுக்க வரேல்லை, அதுக்குள்ள பிரிஞ்சிட்டினம். ரெண்டாம் கொப்பி கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள். அதுவும் உவன் எடுத்த, தோத்த மட்ச்சுக்கு."