அனுப்பிவிட்டுப் படிப்பவர்

கம்பம் பள்ளத்தாக்கில் யானை இறங்கினால் வனத்துறைக்காரர்கள் வெடி போட்டு விரட்டிவிடுவார்கள். விரட்டவே முடியாத ஜீவன் ஒன்று இருக்கிறது. அதற்கு 'அனுப்பிவிட்டுப் படிப்பவர்' என்று பெயர். பல நேரம் அனுப்பிவிட்டும் படிக்காதவர். விடிந்ததும், பல் விளக்கும் முன்பே, ஒரு ரோஜாப்பூ, ஒரு முருகன், ஒரு 'எச்சரிக்கை! உடனே பகிரவும்!' மூன்றையும் பதினோரு குரூப்புக்குத் தட்டிவிட்டால்தான் அதற்குக் காலைக்கடனே கழியும்.

உங்கள் குடும்ப குரூப்பிலும் ஒன்று இருக்குமே? எங்கள் வீட்டில் இருப்பதன் பெயர் வீரணன். ஓடைப்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். நான் அப்பா என்று கூப்பிடுவேன்.

இந்த ஜீவனிடம் யார் சொன்னது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"பெரிய டாக்டர் ஒருத்தர் சொல்லியிருக்காக."

"பேரு என்னப்பா?"

"பேரைப் போட்டா அவுகளைத் தூக்கிருவாகல்ல? அமெரிக்கா டாக்டரு."

"அமெரிக்கா டாக்டரு எதுக்குப்பா நம்மூரு தமிழ்ல வாய்ஸ் போடுறாரு?"

"ஏலே, பத்தாவதுல கணக்குல கோட்டை விட்ட பய நீ. பேசாத."

இவ்வளவு நாளும் சிரித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சிரிப்பு நின்றது. ஒன்பதாவது படிக்கும் என் தங்கச்சி கயல் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க, பள்ளியிலேயே ஊசி போடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அதற்குள் அப்பா போனுக்கு ஒரு வீடியோ வந்துவிட்டது: ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் குழந்தையே பிறக்காதாம். எந்த ஊர், என்ன பாஷை, ஒன்றும் விளங்கவில்லை. பின்னணியில் அழுகைப் பாட்டு மட்டும் தெளிவாக இருந்தது. அது போதாதா? ஒன்பது குரூப்புக்குப் போனது. ஆட்டு வியாபார குரூப்பில் ஒருவர், "கிடாய்க்கும் போடுறாகளா?" என்று விசாரித்தார்.

"எங்கூடப் படிக்கிற ஃபர்ஹீனோட அத்தா கையெழுத்துப் போட்டுட்டாகப்பா," என்றாள் கயல்.

"நோயே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு ஆத்தா மருந்து? உள்ள என்னத்தக் கலந்திருக்கானோ!"

இதைச் சொன்னபோது அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தோட்டத்து டிரம்மில், லேபிளை ஒருநாளும் படித்தறியாத மூன்று பாட்டில் மருந்தை ஊற்றி, குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். பந்தலில் ஒரு இலையில்கூட ஒரு புள்ளி இல்லை. ஆனால் பனி வரப்போகிறது. இலையில் புள்ளி விழும் செவட்டை நோய் கொடியைப் பிடிப்பதற்கு முன்னாடியே அடித்துவிட வேண்டுமாம்.

எனக்கு இது போதுமே. சிநேகிதன் திலீபன் போனிலிருந்து திராட்சை விவசாயிகள் குரூப்பில் ஒன்று போட்டேன்: 'எச்சரிக்கை! நோய் வராத கொடிக்கு மருந்து அடித்தால் கொடி மலடாகும்! ஜெர்மனி விஞ்ஞானி கதறல்!'

நாலு நிமிஷத்தில் அப்பாவின் வாய்ஸ் வந்து விழுந்தது. "எந்தக் கூறுகெட்ட பயடா இதைப் போட்டது? செவட்டை வந்தப்பறம் அடிச்சு என்னடா புண்ணியம்? வர்றதுக்கு முன்னாடி அடிச்சாத்தான்டா கொடி நிக்கும்! இருபது வருசமா அடிக்கிறேன், எந்தக் கொடிடா மலடாச்சு?"

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, கயல் படிவத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நான் கொடுத்த அந்த வாய்ஸை ஓடவிட்டாள். அப்பா சிரித்தார். இன்னொரு தரம் ஓடவிட்டாள். சிரிக்கவில்லை.

"சந்தனம்மா அத்தைக்கும் வந்தப்பறம்தானப்பா பார்த்தோம்," என்றாள்.

அத்தை, அப்பாவோடு பிறந்த தங்கச்சி. இதே நோய். எட்டு மாதம் பைக்கில் தன் முதுகோடு சாய்த்து உட்கார வைத்து, தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அப்பாதான். ஒன்பதாவது மாதம் கூட்டிப்போக அத்தை இல்லை.

போன் டிங் டிங் என்றது. அப்பா எடுக்கவில்லை. அந்த ஜாதி ஜீவன் போனை எடுக்காமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஊசி வலிக்குமா ஆத்தா?"

"நீங்க கலக்குற மருந்து நாத்தத்துக்கு இது ஒன்னுமேயில்லப்பா."

கையெழுத்துப் போட்டார். பேனா மறுபக்கம் வரை பதிந்திருந்தது. பிறகு என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏலே, அனுப்புனதைத் திரும்ப வாங்க முடியாதாடா?"

"அழிக்கிறதுக்கு நாள் தாண்டிருச்சுப்பா."

வெள்ளிக்கிழமை தாண்டியும் கயல் வகுப்பில் இன்னும் ஆறு படிவம் வெறுமையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய், "அந்த வீடியோவை நம்பாதீக" என்று சொல்லி வருகிறார் அப்பா. "நீங்கதானய்யா அனுப்பினீக!" என்கிறார்கள்.

நான் மட்டும் ஒழுங்கா? என் ஜெர்மனி விஞ்ஞானி ஜெயமங்கலம் ஊர் குரூப் வரைக்கும் போய், யாரோ ஒட்டிவிட்ட போட்டோவும் கண்ணாடியுமாக எனக்கே திரும்பி வந்துவிட்டார். கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்ப நாளைக்கு மருந்து அடிக்க வேணாமா?" அவரைக் கூப்பிட்டு, அது நான் விட்ட கதை என்றேன். "சின்னப்பய, ஒனக்கென்ன தெரியும்? விஞ்ஞானியே சொல்லியிருக்காரு" என்று வைத்துவிட்டார்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். பாதி படிக்கும்போதே, இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு பெயர் மனசில் வந்ததா இல்லையா? வந்திருந்தால் இங்கன வந்து உட்காருங்கள். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடம் இருக்கிறது.