யாருக்கும் தெரியாத முகவரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி, குழந்தை எல்லோரும் நலம். நலம் என்றால், நால்வரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

எல்லாம் தொட்டிலுக்கு மேலே நான் மாட்டிய கேமராவால் வந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தபடியே பேத்தியைப் போனில் பார்க்க ஆசைப்பட்டது குற்றமா? "பாஸ்வேர்டு போட்டுடுங்க மாமா" என்று நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள். நான்தான், அதன் இணைய முகவரி எனக்கே வாயில் நுழையாத எண்கள், வேறு எவனுக்குத் தெரியப்போகிறது, யாருக்கும் தெரியாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை உங்கள் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேமரா பேசியிருக்கிறது. "அக்கா, பாப்பா போர்வைய மூஞ்சி மேல இழுத்துக்குது, எடுத்து விடுங்க." அவள் அலற, பாப்பா அழ, "பயப்படாதீங்கக்கா, ஒவ்வொரு நம்பரா தட்டிப் பாத்துட்டே வந்தேன், இது தெறந்திருந்துச்சு" என்று அந்த முகம் தெரியாதவன் சமாதானம் வேறு சொன்னானாம். கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. ஓடி வந்து, 'குழந்தை அறை' என்றிருந்த கேமராவின் பெயரை 'ஸ்டோர் ரூம்' என்று மாற்றினேன். மறுநாள், "மாமா, ஸ்டோர் ரூம்ல பாப்பா அழுவுது" என்கிறான்! ஒயரைப் பிடுங்கி, கேமராவை அழுக்குத் துணிக்கூடையின் அடியில் புதைத்தேன். அதற்குள் பாட்டரி இருக்கும் என்று யார் கண்டது? உங்கள் அத்தை துவைப்பதற்குக் கூடையைத் தூக்க, உள்ளேயிருந்து, "ஒரே இருட்டா இருக்கே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று குரல். கூடையைப் போட்டுவிட்டு, "ஒளிச்சு வெச்சா பூட்டினதா ஆயிடுமா? எவன் கண்ணோ நம்ம குழந்தை மேலயே இருக்குங்க" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மாப்பிள்ளை.

புத்தி வந்து பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பாப்பாவை நாம் செல்லமாகக் கூப்பிடும் புஜ்ஜி, பக்கத்திலேயே அவள் பிறந்த தேதி. இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்களுக்கு என் ஆசிகள், சம்பந்தி இருவருக்கும் வணக்கங்கள்.

இப்படிக்கு,
ஊருக்கே பார்வை சரிபார்க்கும் உங்கள் மாமனார்

பி.கு.: ஈமெயிலில் அனுப்பினால் எவனாவது படித்துவிடுவான் என்று, இந்தக் கடிதத்தை இணையத்தில் ஒரு பக்கமாக ஏற்றியிருக்கிறேன். பூட்டு கிடையாது, ஆனால் முகவரி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்கே நாளைக்குப் போனில்தான் சொல்வதாக இருந்தேன். இப்போது பார்த்தால் அடியில் 'படித்தவர்கள்: 46' என்று காட்டுகிறது. அதற்கும் கீழே யாரோ, "மாமா, பாஸ்வேர்டை ஒடனே மாத்துங்க" என்று எழுதியிருக்கிறார்கள். அது நீங்கள்தானே, மாப்பிள்ளை? நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.