தேமல் பிடித்த கைப்பிடி

ஆஸ்பத்திரி வாசற்படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. நல்ல தீர்மானம். என் வீட்டுக்காரிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன; மருந்துக்கு அந்தப் படிகளில்தான் ஏறியாக வேண்டும். வெல்டிங் வேலை அவள் தம்பிக்குக் கிடைத்தது. மச்சான் அலுமினியக் குழாயைக் கம்பி பிரஷால் தேய்த்து, தேய்த்த சூட்டோடு பற்றவைத்தான். அவள் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

மறுநாள் மேற்பரப்புத் தோற்றக் கண்காணிப்பு அதிகாரி எழுந்தருளினார். கைப்பிடியைத் தொடவில்லை, பார்த்தார்.

“பத்தவச்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் என்ன வெளுப்பு? தேமல் மாதிரி?”

“சுத்தமா இருக்குன்னு அடையாளம் சார்,” என்றான் மச்சான். “அலுமினியத்து மேல ஆக்சைடுன்னு ஒரு தோல் இருக்கும். உள்ளே உருகினாலும் அது உருகாது, ஒட்ட விடாது. அதை எடுத்துட்டுத்தான்...”

“இருங்க. அரசாங்கச் சொத்தோட தோலை உரிச்சீங்களா?”

“காத்து பட்டதும் தானா வளர்ந்துடும் சார்.”

“அனுமதி இல்லாமலா?”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அனுமதியற்ற வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்டுக் கைப்பிடிக்குப் பாலித்தீன் உறை சுற்றப்பட்டது. உறை கிழியக்கூடும் என்பதால் யாரும் பிடிக்கக் கூடாது என்றார்கள். பிறகு கூட்டம் கூடி, டீ குடித்து, முடிவெடுத்தார்கள்: தோலுக்குப் பங்கம் வராமல் புதிதாகப் பற்றவைத்து, மேலே வெள்ளி பெயிண்ட் அடிக்க வேண்டும்.

“ஒட்டாது சார்.”

“ஒட்டுதா இல்லையாங்கிறது உள்விவகாரம்பா. என் துறை வெளித்தோற்றம்.”

மச்சான் என்னிடம் வந்து முனகினான். “இது நிக்காது அத்தான்.”

“பெரிய இடத்துல வாய் குடுக்காதே. உங்க அக்காவுக்குக் கைப்பிடி வேணுமா, வேண்டாமா?”

செய்தான். பளபளப்பில் கண்ணாடி தோற்றது. திறப்பு விழாவில் ரிப்பன் கட்டும்போதே ஒரு முனை கழன்றது. ரிப்பனை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். எல்லாரும் கைதட்டினோம். மறுநாள் பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது: ‘கைப்பிடியைப் பிடிக்காதீர்கள்.’

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

“இளிச்சது போதும், தோளைக் குடுங்க,” என்றாள் அவள். என் தோளைப் பிடித்துத்தான் ஏறினாள்.

அந்த அதிகாரியை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். மச்சானுக்கோ மூச்சுவிட நேரமில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு அதே மாதிரி வேண்டுமாம், பலகையோடு சேர்த்து.